ரிவர்ஸ் எடுக்க இரண்டு பேர்

விளையாடத் தெரியாது என்ற ஒரே தகுதியில் இந்தத் தொழிலுக்கு வந்தவள் நான். சிரிக்காதீர்கள். எங்கள் ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் எல்லாம் வீடியோ கேம் செய்வதற்கென்றே படித்துவிட்டு, சின்ன வயதிலிருந்து விளையாடித் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் சேலம் ஜங்ஷன் பக்கத்தில் ஒரு டி.டி.பி. சென்டரில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடையை மூடியதும், சூரமங்கலத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் கம்ப்யூட்டர் ஆபீஸ் இருக்கிறது, போய்க் கேட்டுப் பாருங்கள் என்று யாரோ சொன்னார்கள். டைப்பிங் வேலை கேட்கத்தான் படியேறினேன்.

ஆபீஸை நடத்தியவர் இதில் தன் பெயர் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். என்னைவிட வயதில் சிறியவர். நான் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். சங்ககிரியில் லாரி வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. டைப்பிங் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு போனைக் கொடுத்து, "இதைக் கொஞ்சம் விளையாடிப் பாருங்க்கா" என்றார். ஓர் ஆட்டுக்குட்டி வேலி தாண்ட வேண்டும். நான் தொட்டபோதெல்லாம் அது வேலியிலேயே போய் மாட்டிக்கொண்டது. தம்பி ஸ்கிரீனைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

"என்னுங்க தம்பி, ஆட்டுக்குட்டி என் மூஞ்சியிலயா ஓடுது?" என்று கேட்டேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நாளைக்கே வந்துருங்க்கா" என்றார். இரக்கப்பட்டு வேலை கொடுக்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன்.

என் வேலை தோற்பது. ஆபீசில் இருப்பவர்கள் செய்யும் விளையாட்டை எல்லாம் நான் விளையாடித் தோற்க வேண்டும். தம்பி எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "தோத்தா ரெண்டு விதமாத்தான் சத்தம் வரும்க்கா. 'அட, விட்டுட்டேனே'ன்னு ஒண்ணு. 'இதென்ன அநியாயம்'னு ஒண்ணு. மொதல் சத்தம் வந்தா மறுபடி விளையாடுவாங்க. ரெண்டாவது வந்தா போனை வெச்சுருவாங்க. உங்க வாயில எது வருதுன்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க." அதன்பின் எத்தனையோ பேர் எழுதியதையும் பேசியதையும் கேட்டுவிட்டேன். கடினமாக இருக்கும்போதே சுவையாகவும் இருப்பது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சில வருஷம் இப்படித் தோற்றே சம்பளம் வாங்கினேன். வீட்டில் என்ன வேலை என்று கேட்டவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாமல், கம்ப்யூட்டர் வேலை என்று முடித்துக்கொள்வேன். பிறகுதான் லாரி விளையாட்டு வந்தது.

அது முழுக்கத் தம்பியின் யோசனை. லோடு லாரியைக் குடோனுக்குள் பின்பக்கமாக ஏற்றுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வண்டியில் இருப்பவருக்குப் பின்னால் இருப்பது தெரியாது. தெரிகிறவர் கீழே நின்றுகொண்டு, "வா வா வா, ஒடிச்சு வா, நேரா பண்ணு, போதும்" என்று குரல் கொடுப்பார். அதையே விளையாட்டாக்கினோம். இரண்டு பேர், இரண்டு போன். ஒருவர் கையில் ஸ்டியரிங். அவருக்கு முன்பக்க ரோடும் இரண்டு பக்கக் கண்ணாடியும் மட்டும் தெரியும். மற்றவர் பின்னால் நிற்பவர். சுவர், சாக்கடை, கேட்டு எல்லாம் அவருக்குத் தெரியும், ஆனால் வண்டியைத் தொட முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்ல வேண்டியதுதான். கண் ஒருவரிடம், கை ஒருவரிடம். இதைவிடச் சண்டை மூட்டும் ஏற்பாடு உலகத்தில் உண்டா என்று நான் கேட்டேன். "அதானுங்க்கா வேணும்" என்றார் தம்பி.

இந்த ஒரு விளையாட்டை நம்பி அவர் குடும்பத்து லாரிகளில் தன் பங்கை விற்றிருந்தார். அவருடைய அண்ணன் இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. அண்ணனை இங்கே பெரியவர் என்று சொல்கிறேன். தம்பியை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். "போன்ல லாரி ஓட்டறதுக்கு ஊட்டு லாரிய வித்தவன் இவன் ஒருத்தனாத்தான் இருப்பான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆடி மாசத்துக்குள் ஒன்றும் ஆகவில்லை என்றால் ஆபீஸை மூடிவிட்டுச் சங்ககிரி லாரி புக்கிங் ஆபீசில் வந்து உட்கார்ந்துவிட வேண்டும் என்று பேச்சு. தம்பி சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அதிலிருந்து இருவருக்கும் சரியான பேச்சுவார்த்தை இல்லை. இது ஆபீசில் எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஆனி மாசத்தில் பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனியின் ஆட்கள் வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். அவர்களுக்குப் பிடித்தால் விளையாட்டை வெளியிடுவார்கள். பிடிக்காவிட்டால் தம்பி புக்கிங் ஆபீசுக்கு, நாங்கள் அவரவர் வீட்டுக்கு.

அப்போதுதான் எங்களுக்கு வந்திருந்த வியாதி வெளியே தெரிந்தது. இதைக் கவனமாகக் கேளுங்கள், உங்களுக்கும் வரும். புரோகிராம் எழுதிய பூபதிதான் எப்போதும் ஸ்டியரிங். நான்தான் எப்போதும் பின்னால் நிற்பவள். நாள் தவறாமல் விளையாடி விளையாடி, நான் "ம்" என்றால் அவன் நிற்பான், மூச்சை இழுத்தால் ஸ்டியரிங்கை ஒடிப்பான். இரண்டு பேருக்கும் விளையாட்டு சப்பென்று ஆகிவிட்டது. சப்பென்று ஆனதும் ஒரு நாயைக் குறுக்கே விட்டோம். அதுவும் பழகிவிட்டது. மழை பெய்யவைத்தோம். கேட்டைக் குறுக்கினோம். யாரோ ஒருவரின் பைக்கைக் கொண்டுவந்து நடுவழியில் நிறுத்தினோம். ஒவ்வொன்றும் போட்டபிறகு, "இப்பத்தான் சரியா இருக்குது" என்று எங்களை நாங்களே பாராட்டிக்கொண்டோம். விளையாட்டு வளர்கிறது என்று நினைத்தோம். வளர்ந்தது நாங்கள் இரண்டு பேரும்தான். விளையாடத் தெரியாது என்ற என் ஒரே மூலதனம் எப்போது காலியானது என்று எனக்கே தெரியவில்லை.

பெங்களூர்க்காரர்கள் வருவதற்குச் சில நாள் முன்னால், வெளி ஆட்கள் இரண்டு பேரை வைத்துப் பார்த்துவிடலாம் என்றார் தம்பி. கீழே பேக்கரி மாஸ்டரைக் கூப்பிட்டோம். அங்கே பன் வாங்க வந்திருந்த, ரயில்வே ஆபீசில் வேலை செய்யும் ஓர் அம்மாவையும் கெஞ்சிக் கூட்டிவந்தோம். மாஸ்டர் ஸ்டியரிங், அந்த அம்மா பின்னால். வண்டி நகர்ந்தது, நாயை அடித்தது, பைக்கை நசுக்கியது, கேட்டில் மோதியது. மறுபடியும் அதே. மூன்றாவது முறை பாதியிலேயே இரண்டு பேரும் போனை மேசையில் வைத்துவிட்டார்கள்.

"எப்படிங்க இருக்குது?" என்றான் பூபதி.

"நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார் மாஸ்டர். அந்த அம்மாவும், "நல்லா பண்ணிருக்கீங்க சாமி, நல்லா வருவீங்க" என்று வாழ்த்திவிட்டுப் படியிறங்கிப் போனார்.

பூபதியின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் தம்பிக்கும் விஷயம் புரிந்துவிட்டது. நம் பக்கத்து மனிதர்களை உங்களுக்குத் தெரியாதா? விருந்துக்குப் போன வீட்டில் குழம்பில் உப்பே இல்லாவிட்டாலும், "பிரமாதமுங்க" என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள். முகத்துக்கு நேராக ஒரு குறை சொல்லிவிட மாட்டார்கள். இங்கே விளையாட்டுச் செய்கிறவர்களுக்கு இந்த நல்ல குணத்தைப் போல ஆபத்து வேறில்லை. வாய் சொல்வதைக் கேட்காதீர்கள், கை மறுபடியும் போனுக்குப் போகிறதா என்று பாருங்கள். அன்று போகவில்லை.

பூபதி கெட்டிக்காரன். மறுநாளே வழி கண்டுபிடித்துவிட்டான். ஸ்டியரிங் பிடித்தவரின் ஸ்கிரீனில் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று காட்டும் பச்சை அம்புக்குறி. மாஸ்டரையும் ரயில்வே அம்மாவையும் மறுபடி கூட்டிவந்தோம். முதல் தடவையே வண்டி வெண்ணெய் போலக் குடோனுக்குள் போய் நின்றது. ஆபீசே கைதட்டியது. நானும் தட்டினேன். ஆனால் ஏதோ உறுத்தியது. என்ன என்று யோசித்துப் பார்த்தால், அறையில் சத்தமே இல்லை. மாஸ்டர் அம்பைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் ஜன்னல் வழியாக டவுன் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்தது கூட அவருக்குத் தெரியவில்லை, நாங்கள் தட்டியபிறகுதான் திரும்பினார்.

முதல் நாள் நடந்த ஒன்று அப்போது என் ஞாபகத்துக்கு வந்தது. ஒவ்வொரு முறை மோதியதும் அந்த அம்மா எட்டி மாஸ்டரின் போனைப் பார்த்தார். மாஸ்டர் எட்டி அந்த அம்மாவின் போனைப் பார்த்தார். தோற்றவுடன் இரண்டு பேருக்கும் வந்த ஆசை ஒன்றுதான்: இந்த ஆளுக்கு என்னதான் தெரிந்தது என்று பார்த்துவிட வேண்டும். அதற்குள் நாங்கள் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கிவைத்துவிட்டோம்.

"அம்பு வேண்டாம் தம்பி" என்றேன்.

பூபதிக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்பறம் எப்படிங்க்கா? வர்றவங்க முன்னாடி வண்டி செவுத்துல மோதுனா என்ன பண்றது?"

"மோதட்டும். மோதுனதும் ஒருத்தர் போன்ல தெரியறதை இன்னொருத்தருக்குக் காட்டு. அவரு பாத்ததை இவரு பாக்கட்டும், இவரு பாத்ததை அவரு பாக்கட்டும். அப்பறம் அந்த நாய், மழை, பைக்கு எல்லாத்தையும் மொதல் லெவல்ல இருந்து எடுத்துரு. வெறும் பொட்டல், ஒரு செவுரு போதும்."

"எடுத்துரவா? அதுக்குத்தானுங்க்கா இத்தனை நாளாக் கண்ணு முழிச்சோம்!"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் எனக்குப் புரிந்த வரைக்கும் சொன்னேன். நாம் இரண்டு பேரும் லாரி எடுக்கக் கற்றுக்கொள்ளவில்லை பூபதி, ஒருவரை ஒருவர் கற்றுக்கொண்டோம். நான் கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று உனக்குத் தெரியும். மாஸ்டருக்கு அந்த அம்மாவின் கொஞ்சம் தெரியாது. அதைத் தெரிந்துகொள்வதுதான் இந்த விளையாட்டு. முதல் லெவலில் அதற்கு மட்டும் இடம் விடு. நாயும் மழையும் பின்னால் ஒவ்வொன்றாக வரட்டும். எதையும் தூக்கிப்போடச் சொல்லவில்லை.

இப்போது எழுதும்போது தெளிவாக வருகிறது. அன்று திக்கித் திணறித்தான் சொன்னேன். எனக்குத் தொழில்நுட்பம் ஒன்றும் தெரியாது. அம்போடு காட்டினால் வருகிறவர்கள் கண்டிப்பாக ஜெயிப்பார்கள், முகம் சுளிக்க மாட்டார்கள். என் பேச்சைக் கேட்டால் அவர்கள் எங்கள் கண்முன்னே தோற்பார்கள். தோற்றபின் சிரிப்பார்களா, எழுந்து போவார்களா என்பதற்கு யாரும் ஜாமீன் கொடுக்க முடியாது. பணயம் வைத்திருப்பது என் வாழ்க்கை அல்ல, தம்பியின் வாழ்க்கை. அவர் எழுந்து பால்கனிக்குப் போனார். ரோட்டைப் பார்த்தபடி நின்றார். நான் ஏன் வாயைத் திறந்தேன் என்று நொந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தவர், "அம்பை எடுத்துரு பூபதி. அக்கா சொல்றாப்புல பண்ணு" என்றார்.

பூபதி என்னிடம் முகம் கொடுத்துப் பேசாமலேயே அந்த வேலையைச் செய்தான். தன் கையால் போட்டதை எல்லாம் தன் கையால் எடுத்தான். பிடிக்காத வேலையை இவ்வளவு சுத்தமாகச் செய்த ஆளை நான் பார்த்ததில்லை. மோதியவுடன் இரண்டு ஸ்கிரீனும் இடம் மாறும் அந்த ஒரு கணம் இன்றைக்கும் எல்லாராலும் பேசப்படுகிறது. யோசனை என்னுடையது என்று சொல்கிறார்கள். எட்டிப் பார்த்தது அந்த ரயில்வே அம்மா, செய்தது பூபதி. நான் நடுவில் இருந்தேன், அவ்வளவுதான்.

அந்த நாள் வந்தது. பெங்களூரிலிருந்து இரண்டு பேர். பொறுப்பான இடத்தில் இருக்கும் ஓர் அம்மாவும் அவருடைய உதவியாளரும். இரண்டு பேருக்கும் தமிழ் நன்றாகவே வந்தது. அவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருக்கும்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வெள்ளை வேட்டி சட்டையில் பெரியவர் வந்து நின்றார். அவரை யாரும் கூப்பிடவில்லை. "சேலத்துக்கு ஒரு சோலியா வந்தேன்" என்று சொல்லிவிட்டு மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"நீங்களே விளையாடிக் காட்டுங்களேன், பார்க்கிறோம்" என்றார் உதவியாளர்.

"நாங்க விளையாடினா உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார் தம்பி. ஸ்டியரிங் போனைப் பெங்களூர் அம்மாவிடம் கொடுத்தார். மற்றதை உதவியாளரிடம் நீட்டினால், அவர் தான் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று மறுத்துவிட்டார். தம்பி நேராக மூலைக்குப் போய், "அண்ணா, இதைப் புடிங்க" என்றார்.

"எனக்கென்னடா தெரியும் இதுல?"

"பின்னால நின்னு சொல்றதுதானுங்கண்ணா. நீங்க பண்ணாததா?"

வந்தவர்கள் முன்னால் மறுக்க முடியாமல் பெரியவர் போனை வாங்கிக்கொண்டார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார். "வாங்க... வாங்க... வாங்கம்மா... இன்னுங் கொஞ்சம் வாங்க... அட, போதுமுங்க!"

டமால் என்று லாரி சுவரில் மோதியது.

"ஏனுங்கம்மா, போதும்னா நிக்க வேண்டாமுங்களா?" என்று பெரியவர் சீறினார்.

"கொஞ்சம் வாங்கன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? நான் கொஞ்சந்தான் வந்தேன்!" என்று அந்த அம்மாவும் விடவில்லை.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதற்குள் ஸ்கிரீன் மாறியது. அந்த அம்மாவின் போனில் சுவரும் லாரியின் முதுகும் வந்தன. பெரியவரின் போனில் முன்பக்க ரோடும், இரண்டு கண்ணாடியில் லாரியின் ஓரமும் மட்டும். அவர் போனை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"அட, உங்களுக்குச் செவுரே தெரியிலயேம்மா" என்றார். குரல் இறங்கிவிட்டது. "நாம்பாட்டுக்கு என் எடத்துல நின்னுட்டுக் கத்திட்டிருக்கேன். சரி, மறுபடி வாங்க. இப்ப முழக் கணக்குல சொல்றேன்."

"ஒரு முழம்னா எவ்வளவு சார்?"

பெரியவர் கையை நீட்டிக் காட்டினார். அந்த அம்மா தன் கையை நீட்டி வைத்து அளந்து பார்த்தார். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். மறுமுறை சுவரை உரசியது. "என் தப்பு, என் தப்பு" என்றார் பெரியவர். அதற்கு அடுத்த முறை லாரி குடோனுக்குள் போய் நின்றபோது இருவரும் போட்ட கூச்சலில் கீழேயிருந்து மாஸ்டர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். அடுத்த லெவலைப் போடச் சொல்லி இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

அந்தக் கம்பெனி விளையாட்டை எடுத்துக்கொண்டது. ஆயிரத்தெட்டு மாற்றம் கேட்டார்கள், செய்து கொடுத்தோம். நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் ஆபீஸ் அதனால் வந்தது. நான் ஓய்வு பெறும் வரை எனக்கு அங்கே ஒரு நாற்காலி இருந்தது. விளையாட வராதவர்களைத் தேடிப் பிடித்து உட்காரவைத்து, அவர்கள் கையைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலையாயிற்று. பத்திரிகை அடித்துக்கொண்டிருந்த ஒருத்தியை நம்பித் தன் பிழைப்பைச் சுவரில் மோதவிட்ட மனிதருக்கும், கோபத்தோடு என்றாலும் செய்துகொடுத்த பூபதிக்கும், பன் வாங்க வந்த அந்த அம்மாவுக்கும் நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் கொஞ்சநஞ்சமல்ல. இவர்களில் ஒருவர் இல்லாவிட்டாலும் எனக்கு இந்த வாழ்க்கை கிடைத்திருக்காது.

ஆனால் கம்பெனியின் பதில் வந்தது பல நாள் கழித்து. அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் தெரியாது. பெங்களூர்க்காரர்களைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு மற்றவர்கள் கீழே போனார்கள். நான் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தேன். பெரியவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"நீ இப்படி உக்காரு" என்றார் தம்பியிடம். "இப்ப நான் ஓட்டறேன். நீ பின்னால நில்லு."

தம்பி உட்கார்ந்தார். மாதக்கணக்கில் முகம் பார்த்துப் பேசாத இரண்டு பேர், தோளோடு தோள் இடிக்க ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்கண்ணா... வாங்க... லெப்ட்டுல ஒடிங்க... நேரா வாங்க... நில்லுங்க."

பெரியவர் சட்டென்று நிறுத்தினார். "நெறைய எடம் கெடக்கறாப்புல இருக்குதே. இன்னும் போலாமா?"

"வேண்டாங்கண்ணா. பின்னால செவுரு."

பெரியவர் ஸ்கிரீனைக் கூர்ந்து பார்த்தார். அவருடைய போனில் ரோடும் இரண்டு கண்ணாடியும்தான் இருந்தன.

"எனக்குத் தெரியில" என்றார். "நீ சொன்னாச் சரி."

அடுத்து எந்தப் பக்கம் ஒடிக்க வேண்டும் என்று சொல்லத் தம்பிக்குச் சற்று நேரம் ஆனது. பெரியவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.